விழுந்த இடமும் வழுவிய இடமும்



வானூரிலிருந்து வடகிழக்காகச் சென்றால் கழுவேலி ஏரி. அதனையும் கடந்து கடலோரம் சென்றால் மரக்காணத்து உப்பளங்கள். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இந்த மரக்காணமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இத்தகைய பழமை வாய்ந்த நெய்தல் நிலத்தில், பத்தாண்டுகளாகக் காப்பியமும் இலக்கணமும் பேசிவந்த ஓர் அவையில், கணிப்பொறியின் நினைவகச் சிதைவு பற்றிய உரை இடம்பெறுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் உரையின் உள்ளே இருப்பது மிகப் பழைய வினா ஒன்றுதான். கேடு எங்கே வெளிப்பட்டதோ, அங்கே நிற்பவனே கேட்டைச் செய்தவனா? நீதிமன்றமும் இவ்வினாவைக் கேட்கிறது, மருத்துவமும் கேட்கிறது, சிலப்பதிகாரம் இதைக் கேட்டு ஒரு நகரத்தையே எரித்துக் காட்டியது. கணிப்பொறியின் இயக்கிகளைப் பழுது பார்ப்போர் இதே வினாவை நாள்தோறும் எதிர்கொள்கின்றனர்.

முதலில் களத்தை விளக்கிக்கொள்வது நன்று. உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு அது எளிதில் விளங்கும். உப்பளம் பாத்தி பாத்தியாக வகுக்கப்பட்டது. ஒவ்வொரு பாத்திக்கும் வரப்பு உண்டு. உவர்நீர் ஒரு பாத்தியில் செறிந்து மறுபாத்திக்குச் செல்லும். கடைசிப் பாத்தியில் உப்பு பூக்கும். எந்தப் பாத்தியில் எந்தச் செறிவுள்ள நீர் நிற்கவேண்டும் என்பது தொழிலாளர்க்குத் தெரியும். கணிப்பொறியின் நினைவகமும் அவ்வாறே பாத்தி கட்டிப் பயன்படுத்தப்படுவது. ஒவ்வொரு நிரலும் தனக்கு வேண்டிய இடத்தைக் கேட்டுப் பெறுகிறது. வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்கிறது. திரும்பி வந்த இடம் வேறொருவருக்குக் கொடுக்கப்படுகிறது.

ஒரு வேறுபாடு உண்டு. உப்பளத்து வரப்பு மண்ணால் ஆனது, கண்ணுக்குத் தெரியும். நினைவகத்து வரப்புகளில் பல, எழுதியவரின் ஒழுக்கத்தால் மட்டுமே நிற்பவை. சாதாரண நிரல்களைச் சுற்றிப் பொறியே எழுப்பும் வலிய மதில் உண்டு. ஒரு நிரல் தன் எல்லையை மீறினால் அந்த நிரல் மட்டும் நிறுத்தப்படும், மற்றவை பிழைத்துக்கொள்ளும். ஆனால் இயங்குதளத்தின் உயிர்ப்பகுதியாகிய கருநிரலுக்குள் அத்தகைய மதில் இல்லை. அங்கே குடியிருப்போர் அனைவரும் ஒரே வீட்டில் கதவில்லாத அறைகளில் வாழ்வோர் போன்றவர்.

அந்த வீட்டில் வந்து தங்கும் விருந்தினரே சாதன இயக்கிகள். அச்சுப்பொறி, வட்டு, பிணைய அட்டை, ஒளித்திரை என ஒவ்வொரு கருவிக்கும் அதன் மொழி அறிந்த ஒரு சிறு நிரல் வேண்டும். இயங்குதளம் பொதுமொழியில் ஆணையிட, அதைக் கருவியின் மொழிக்கு மாற்றிச் சொல்லும் துபாஷியே இயக்கி. இயங்குதளத்தை ஆக்கியவர் ஒருவர். இயக்கிகளை எழுதியவர் நூற்றுக்கணக்கானவர். கருவி செய்த ஒவ்வொரு நிறுவனமும் தன் இயக்கியைத் தானே எழுதித் தருகிறது. எழுதியவர் பலர், திறம் பல வகை, ஆனால் அதிகாரம் மட்டும் அனைவர்க்கும் ஒன்றே.

விளைவு எதிர்பார்க்கக்கூடியதே. 2001 ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லினக்ஸ் கருநிரலை ஆராய்ந்து, இயக்கிகளில் காணப்படும் பிழைவீதம் கருநிரலின் பிற பகுதிகளைவிட மூன்று முதல் ஏழு மடங்கு வரை மிகுதி என்று கண்டனர். விண்டோஸ் எக்ஸ்பியில் பதிவான செயலிழப்புகளில் 85 விழுக்காட்டுக்கு இயக்கிகளே காரணம் என்று 2003 ஆம் ஆண்டு வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர்.

கணிப்பொறித் தமிழில் இத்தகைய பிழையை வழு என்றும், அதைக் களைவதை வழுநீக்கம் என்றும் வழங்குவர். இச்சொல்லைத் தேர்ந்தவர்கள் நல்ல சொல்லைத் தேர்ந்தார்கள். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம், சொற்கள் திணையும் பாலும் முதலியவற்றால் ஒன்றோடொன்று இயைவதைப் பற்றியது. நன்னூல் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழு வழுக்களைக் கூறும். தனிச்சொல் ஒவ்வொன்றும் பிழையற்றிருக்கலாம். எழுவாயும் பயனிலையும் சேரும்போதுதான் வழு பிறக்கும். நினைவக வழுவின் இயல்பும் இதுவே. ஓர் ஆணையைத் தனியே எடுத்துப் பார்த்தால் அதில் குற்றம் தெரியாது. அது எந்த இடத்தைச் சுட்டுகிறது, எப்போது சுட்டுகிறது, அப்போது அவ்விடம் யாருக்கு உரியது என்பவற்றோடு சேர்த்துப் பார்த்தால்தான் குற்றம் விளங்கும்.

இவ்வழுக்களுள் தலையானவை மூன்று. முதலாவது இடவழு. நூறு எழுத்துக்கு இடம் பெற்ற இயக்கி நூற்றொன்றாவது எழுத்தையும் எழுதிவிடுகிறது. வரப்பு மீறிய நீர் அடுத்த பாத்தியில் பாய்கிறது. இரண்டாவது காலவழு. ஓர் இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்ட இயக்கி, அதன் முகவரியை மட்டும் மறவாமல் வைத்திருந்து பின்னொரு நாள் அங்கே எழுதுகிறது. நினைவக முகவரியைத் தாங்கி நிற்பதற்குச் சுட்டி என்று பெயர். ‘அவன்’ என்னும் சுட்டுப்பெயர் நேற்று ஒருவனைக் குறித்தது. அவன் வீட்டைக் காலி செய்து போய்விட்டான். இன்று அவ்வீட்டில் இருப்பவன் வேறொருவன். சுட்டு மாறவில்லை, சுட்டப்பட்ட பொருள் மாறிவிட்டது. மூன்றாவது உடனிகழ்ச்சி வழு. இருவர் ஒரே நேரத்தில் ஒரே ஏட்டில் எழுத, இருவர் எழுத்தும் கெடுகிறது.

இவற்றோடு இயக்கிகளுக்கே உரிய இடர் ஒன்றும் உண்டு. வட்டும் பிணைய அட்டையும் செயலியைக் கேட்காமலே நினைவகத்தில் நேரடியாக எழுத வல்லவை. எங்கே எழுதுவது என்ற முகவரியை இயக்கி முன்கூட்டியே கொடுத்துவைக்கிறது. அம்முகவரி பிழையானால், அல்லது அட்டை எழுதி முடிக்கும் முன்பே இயக்கி அவ்விடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், எந்த ஆணையும் ஓடாமலே பிறருடைய இடம் அழிகிறது. குற்றம் நடந்ததற்குச் சாட்சியே இல்லாத நிலை அது.

இனி, இவ்வழுக்களின் கொடுமை எங்கே இருக்கிறது என்பதைக் காணலாம். தவறான இடத்தில் எழுதப்பட்ட கணத்தில் எதுவும் நிகழ்வதில்லை. பொறி தொடர்ந்து ஓடுகிறது. ஒரு நொடி கழித்தோ ஒரு நாள் கழித்தோ, அந்த இடத்துக்கு முறையாக உரிய வேறொரு நிரல் வந்து தன் பொருளை எடுக்கிறது. அது கெட்டிருப்பது தெரியாமல் பயன்படுத்தி விழுந்து போகிறது. விழுந்தவுடன் திரையில் தோன்றும் அறிக்கையில் விழுந்தவனின் பெயரே இருக்கும். வழுவியவன் எப்போதோ தன் வேலையை முடித்துக்கொண்டு அமைதியாக இருப்பான். மேல்பாத்தியின் வரப்பில் நண்டு துளைத்த வளையால் கீழ்ப்பாத்தியின் உப்பு கரைந்தால், கீழ்ப்பாத்திக்காரனைக் கடிந்து பயனில்லை. ஆயினும் முதலில் கடியப்படுபவன் அவனே.

இதற்குச் சான்றாக 2008 ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்றைச் சற்று விரிவாகக் கூறலாம். அவ்வாண்டு லினக்ஸ் 2.6.27 என்னும் பதிப்பு ஆக்கத்தில் இருந்தது. அதன் முன்னோட்ட வடிவங்களை நிறுவிச் சோதித்தவர்களிடமிருந்து செப்டம்பர் மாத அளவில் கவலை தரும் செய்திகள் வரத் தொடங்கின. இன்டெல் நிறுவனத்தின் ஒரு வகைப் பிணைய அட்டைகள் மாண்டுபோயின. மீண்டும் தொடக்கினால் சரியாகும் தற்காலிகக் கோளாறு அன்று அது. அட்டையின் உள்ளே, மின்சாரம் நின்றாலும் அழியாத சிறு நினைவகம் ஒன்று உண்டு. அட்டையின் அடையாள எண் முதலியவை அதில்தான் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எழுத்தே அழிந்துபோயிற்று. பழைய பதிப்புக்குத் திரும்பினாலும் அட்டை உயிர்பெறவில்லை. மென்பொருளின் வழு வன்பொருளைக் கொன்ற அரிய நிகழ்ச்சி அது.

ஐயம் யார்மீது விழுந்தது? இயல்பாகவே அந்த அட்டையின் இயக்கியாகிய இ1000இ என்பதன்மீது. அட்டை அதனுடையது, அழிந்த எழுத்தும் அட்டையினுடையது, வேறு யார் தொட்டிருக்க முடியும்? அந்த இயக்கியை வரிவரியாகப் படித்தனர். பின்பு ஐயம் ஒளித்திரைப் பகுதியின்மீது திரும்பிற்று. அதுவும் கருவிகளின் நினைவகத்தை நேரே தொடும் பழக்கம் உடையது. ஐயப்படுவதற்குக் காரணங்கள் இருந்தன. முடிவான சான்றுதான் இல்லை.

இத்தகைய தேடலில் வழக்கமாகக் கையாளும் வழி ஒன்று உண்டு. நல்ல பதிப்புக்கும் கெட்ட பதிப்புக்கும் இடையே ஆயிரம் மாற்றங்கள் நுழைந்திருந்தால், நடுவில் உள்ள ஐந்நூறாவது மாற்றத்தில் நிறுத்திச் சோதிப்பது. பிழை இருந்தால் முற்பாதியிலும், இல்லையேல் பிற்பாதியிலும் தேடுவது. இவ்வாறு பாதி பாதியாகக் குறைத்தால் பத்துச் சோதனைகளில் குற்றவாளியை அடைந்துவிடலாம். ஆனால் இங்கே ஒவ்வொரு சோதனையும் ஓர் அட்டையைப் பலிகொள்ளக்கூடும். மேலும் ஒவ்வொரு முறையும் கேடு நிகழவும் இல்லை. நிகழாமையைக் கொண்டு குற்றமின்மையை முடிவுசெய்ய இயலாது.

தேடல் தொடரும்போதே அட்டைகளைக் காக்கும் வேலையும் நடந்தது. அட்டையின் அழியா நினைவகத்தை எழுத முடியாதபடி பூட்டிவைக்கும் மாற்றம் இயக்கியில் சேர்க்கப்பட்டது. திருடன் யார் என்று தெரியாவிட்டாலும் பெட்டகத்தைப் பூட்டலாம் அன்றோ? அக்டோபர் மாதம் உண்மை வெளிப்பட்டது. குற்றவாளி பிணைய இயக்கியும் அன்று, ஒளித்திரையும் அன்று. கருநிரலின் செயல்களைத் தடம்பற்றிக் காட்டுவதற்காகப் புதிதாகச் சேர்க்கப்பட்ட எஃப்டிரேஸ் என்னும் கருவி அது. பிழை தேடுவோர்க்கு உதவுவதற்காகவே பிறந்த கருவி!

நிகழ்ந்தது இதுதான். கருநிரலின் ஒவ்வொரு செயற்கூறின் தொடக்கத்திலும் தடம்பற்றும் அழைப்பு ஒன்று வைக்கப்பட்டிருந்தது. தேவையில்லாதபோது அந்த அழைப்பு வேகத்தைக் குறைக்கும். ஆகவே அழைப்புகள் இருக்கும் முகவரிகளையெல்லாம் எஃப்டிரேஸ் பட்டியலிட்டு, பின்பு ஒவ்வொன்றாகச் சென்று அவ்விடத்தில் வெற்று ஆணையை எழுதிவந்தது. ஆனால் தொடங்கும்போது ஒரே முறை ஓடிவிட்டு, இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும் பகுதிகளும் கருநிரலில் உண்டு. பட்டியலில் முகவரி நின்றது, வீடு கைமாறிவிட்டது. கைமாறிய அந்த முகவரியில் சில வேளைகளில் வந்து குடியேறியது, பிணைய அட்டையின் அழியா நினைவகத்தைக் காணும் வழி. முன்னே கூறிய காலவழுவின் தெளிவான வடிவம் இது.

எஃப்டிரேஸை எழுதியவர் கவனமற்றவர் அல்லர். பழைய அழைப்பு அங்கே இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்து, இருந்தால் மட்டுமே மாற்றும் ஆணையையே பயன்படுத்தியிருந்தார். ஒப்புமை பொருந்தாவிட்டால் ஒன்றும் நிகழாது என்பது எண்ணம். ஆனால் இன்டெல் செயலிகளில் அந்த ஆணைக்கு ஒரு நுண்ணிய இயல்பு உண்டு. ஒப்புமை பொருந்தாவிட்டாலும், படித்த மதிப்பையே திரும்பவும் அதே இடத்தில் எழுதும். சாதாரண நினைவகத்தில் இதனால் தீங்கில்லை. இருந்ததையே மீண்டும் எழுதுவது இருந்தபடியே விடுவதுதான். அட்டையின் அழியா நினைவகத்திலோ எழுதுதல் என்பதே ஓர் ஆணை. அதனால் அட்டை மாண்டது.

லினக்ஸ் 2.6.27 அவ்வாண்டு அக்டோபர் 9 அன்று வெளிவந்தது. எஃப்டிரேஸின் அந்தப் பகுதியை முடக்கிய 2.6.27.1 ஒரு வாரத்துக்குள் தொடர்ந்தது. கருவியை எழுதிய ஸ்டீவன் ராஸ்டெட் தாமே காரணத்தை விளக்கி, முகவரிகளைக் குறித்துவைக்கும் முறையையே மாற்றியமைத்தார். இன்று எஃப்டிரேஸ் லினக்ஸ் வல்லுநர்களின் இன்றியமையாத கருவிகளுள் ஒன்று. வழு கண்டவுடன் மனிதரைத் தள்ளிவைக்காமல், வழுவின் வேரைக் கண்டு வழியைத் திருத்தியதன் பயன் அது.

இங்கே சிலப்பதிகாரம் நினைவுக்கு வருவது இயற்கை. அரண்மனையில் சிலம்பு காணாமற் போயிற்று. கோவலன் கையில் சிலம்பு இருந்தது. இரண்டும் உண்மைகள். இரண்டையும் இணைத்துச் சொன்னவன், தானே திருடிய பொற்கொல்லன். பாண்டியன் தீயவன் அல்லன். அவன் செய்த பிழை, பொருள் காணப்பட்ட இடத்தையே குற்றம் நிகழ்ந்த இடமாகக் கொண்டதுதான். கண்ணகி அவையில் வந்து கதறியதோடு நின்றுவிடவில்லை. சோதித்துப் பார்க்கத்தக்க ஒரு சான்றைச் சொன்னாள். தன் சிலம்பின் உள்ளிருப்பது மாணிக்கப் பரல் என்றாள். அரசியின் சிலம்பில் முத்துப் பரல் என்றான் அரசன். உடைத்ததும் மாணிக்கம் தெறித்தது. வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் இரு பொருள்களை, உள்ளே முன்னரே இடப்பட்ட அடையாளத்தால் வேறுபடுத்திக் காட்டிய முறை அது.

நினைவக வழுவைத் தேடுவோர் கையாளும் முறையும் பரல் இடுதல்தான். கருநிரல் ஓர் இடத்தை ஒதுக்கும்போது, அதன் இருமருங்கிலும் சிறிது கூடுதல் இடம் விட்டு, அங்கே குறிப்பிட்ட ஓர் எண்ணை நிரப்பிவைக்கச் செய்யலாம். இடம் திரும்பி வரும்போது அந்த எண் கெட்டிருந்தால், யாரோ வரப்பை மீறியிருக்கிறார்கள் என்பது உறுதி. திருப்பிக் கொடுக்கப்பட்ட இடம் முழுவதையும் வேறோர் எண்ணால் நிரப்பிவைப்பதும் உண்டு. மீண்டும் ஒதுக்கும்போது அந்த எண் மாறியிருந்தால், வீட்டைக் காலி செய்தவர் திரும்ப வந்து போயிருக்கிறார் என்பது பொருள்.

கெட்டுப்போன இடத்தில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று படிப்பதும் பெரும்பயன் தரும். அங்கே பிணையத்தில் வந்த செய்தியின் துண்டு தெரிந்தால் பிணைய இயக்கியைத் தேடலாம். கோப்பின் பெயர் தெரிந்தால் வட்டுப் பக்கம் திரும்பலாம். ஏட்டில் இடைச்செருகலைக் கண்ட பதிப்பாசிரியர், அதன் நடையைக் கொண்டு எழுதியவரின் காலத்தை மதிப்பிடுவது போன்றது இது. எழுத்து தன் ஆசிரியனைக் காட்டிக்கொடுக்கும்.

பரல் இடும் முறைக்கு ஒரு குறை உண்டு. திருட்டு நடந்ததை அது பின்னரே சொல்லும். திருடும் கணத்தில் கையைப் பிடிக்காது. அதற்கு வேறு கருவிகள் தோன்றின. விண்டோஸ் 2000 உடன் வந்த இயக்கிச் சரிபார்ப்பி, ஐயத்துக்குரிய இயக்கி கேட்கும் ஒவ்வோர் இடத்தையும், தொடவே கூடாத ஒரு பக்கத்தின் விளிம்பில் கொண்டுபோய் ஒதுக்கும். ஓர் எழுத்து மிகுந்தாலும் அக்கணமே பொறி நின்றுவிடும். நின்ற இடத்தில் வழுவியவனே நிற்பான். 2015 ஆம் ஆண்டு லினக்ஸ் 4.0 பதிப்பில் சேர்ந்த கேசான் என்னும் கருவி, நினைவகத்தின் ஒவ்வோர் எட்டுப் பைட்டுக்கும் ஒரு பைட்டு வீதம் நிழற்குறிப்பு ஒன்றை வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு முறை படிக்கும்போதும் எழுதும்போதும் அந்த நிழலைப் பார்த்து, இவ்விடம் தொடத்தக்கதா என்று உறுதிசெய்த பின்பே விடுகிறது. நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கு இதற்குச் செலவாகும், வேகமும் குறையும். ஆகவே அன்றாடப் பயனுக்கு அன்றிச் சோதனைக் காலத்துக்கே இது ஏற்றது.

இத்தனை கருவிகள் இருந்தும், அனுபவம் மிக்கோர் இளையோர்க்குக் கூறும் எச்சரிக்கை ஒன்று உண்டு. வழுவைப் பார்ப்பதற்காக ஒரு வரியைச் சேர்த்தால் வழு மறைந்துவிடலாம். அவ்வரி நினைவகத்தின் அடுக்கைச் சற்று நகர்த்திவிடும். மீறிய எழுத்து இப்போது யாரும் பயன்படுத்தாத இடத்தில் விழும். வலி நின்றுவிட்டது, நோய் நிற்கவில்லை. வழு மறைந்ததற்குக் காரணம் சொல்ல முடியாதவரை அது தீர்ந்ததாகக் கொள்ளக்கூடாது என்பது இத்தொழிலின் முதல் விதி.

2024 ஆம் ஆண்டு ஜூலை 19 அன்று நிகழ்ந்ததைப் பலர் நேரில் உணர்ந்திருப்பர். அன்று உலகெங்கும் விண்டோஸ் பொறிகள் நீலத்திரை காட்டி நின்றன. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி அவை 85 இலட்சம். இந்திய விமான நிலையங்கள் சிலவற்றில் பயணிகளுக்குக் கையால் எழுதிய நுழைவுச் சீட்டுகள் வழங்கப்பட்டன. திரையில் தெரிந்தது விண்டோஸ். ஆகவே விண்டோஸ் கெட்டுவிட்டது என்பதே பலர் வாயில் வந்த முதற்பேச்சு. காரணமோ, பொறிகளைத் தாக்குதலிலிருந்து காப்பதற்காகக் கருநிரலுக்குள் அமர்த்தப்பட்ட கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் இயக்கி. இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்கு அது ஒரு புதிய தரவுக் கோப்பைப் பெற்றது. அக்கோப்பின் விதி 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது. இயக்கி வைத்திருந்தவை 20. இருபத்தொன்றாவதைத் தேடிச் சென்ற இயக்கி தன் எல்லைக்கு வெளியே கைநீட்டியது; கருநிரல் விழுந்தது. காலை 10.57 மணிக்குள் கோப்பு திரும்பப் பெறப்பட்டது. ஆனால் விழுந்த பொறிகளில் பலவற்றை ஒவ்வொன்றாக ஆள் சென்று எழுப்ப வேண்டியிருந்தது.

2008 இன் நிகழ்ச்சியையும் இதனையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுடையது. 2024 இல் எல்லை மீறியது படித்தல், எழுதுதல் அன்று. மீறிய கணத்திலேயே பொறி விழுந்தது. உலகமே அதிர்ந்தாலும், காரணம் சில மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. 2008 இல் மீறியது எழுதுதல். ஓசையின்றி எழுதிவிட்டுப் போயிற்று. பாதிக்கப்பட்டோர் தொகை சிறிது. ஆனால் காரணம் தெரிய வாரங்கள் ஆயின. உரத்து விழும் வழுவைவிட அமைதியாகப் பரவும் வழுவே அஞ்சத்தக்கது. ஆகவேதான், கெட்டது தெரிந்தவுடன் உடனே நின்றுவிடும்படி நிரல் எழுதுவதை நல்லோர் பரிந்துரைக்கின்றனர். விழுவதை மறைத்துத் தள்ளாடிக்கொண்டே நடக்கும் நிரல், கெட்ட தரவை வட்டிலும் எழுதி வைத்துவிடும்.

தேடுவதோடு தடுப்பதும் வேண்டும். இவ்வகையில் தமிழகத்தோடு தொடர்புடைய ஒருவரின் பணி பெருமைக்குரியது. கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்று, பின் பெர்க்கிலியில் முனைவர் பட்டம் பெற்ற ஸ்ரீராம் ராஜாமணி, தாமஸ் பால் என்பவரோடு சேர்ந்து மைக்ரோசாப்ட் ஆய்வகத்தில் ஸ்லாம் என்னும் திட்டத்தை உருவாக்கினார். பின்னாளில் பெங்களூருவில் உள்ள அதன் இந்திய ஆய்வகத்தின் பொறுப்பையும் ஏற்றார். இயக்கியை ஓட்டிப் பார்க்காமல், அதன் எழுத்தைப் படித்தே, அது கருநிரலின் விதிகளை மீறக்கூடிய வழி ஏதேனும் உண்டா என்று கணித முறையில் ஆராய்வது ஸ்லாம். பூட்டை எடுத்தவன் விடாமல் மீண்டும் எடுக்கக்கூடாது என்பது போன்ற விதிகள் அவை. இயக்கியின் சுருக்கப் படம் ஒன்றை வரைந்து பார்க்கும். குற்றம் தோன்றினால், அது மெய்யான குற்றமா, சுருக்கியதால் தோன்றிய மயக்கமா என்று மூலத்தோடு ஒப்பிடும். மயக்கமானால் படத்தை நுணுக்கி மீண்டும் ஆராயும். குற்றம் சாட்டும் முன் சாட்சியை மீண்டும் விசாரிக்கும் நீதியரசரின் முறை அது. இதன் அடியாகப் பிறந்த கருவி, விண்டோஸ் இயக்கிகளை எழுதுவோருக்கான தொகுப்பில் இடம்பெற்றது. கணிப்பொறி வழிச் சரிபார்ப்புத் துறையின் சி.ஏ.வி. விருது 2011 ஆம் ஆண்டு அவ்விருவருக்கும் வழங்கப்பட்டது. வரப்பு மீறலை நேரே பிடிப்பது ஸ்லாமின் முதன்மை நோக்கம் அன்று. ஆயினும் விதிமீறலை முன்கூட்டியே காணலாம் என்பதை ஆய்வுக்கூடத்துக்கு வெளியே நடைமுறையில் மெய்ப்பித்தது அதன் சிறப்பு.

மற்றொரு வழி, மொழியையே மாற்றுவது. இயக்கிகள் பெரும்பாலும் சி மொழியில் எழுதப்படுகின்றன. அம்மொழி எழுதுவோனை முழுதும் நம்புவது. அவன் எங்கே சுட்டினாலும் தடுக்காது. 2022 டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 6.1 முதல், ரஸ்ட் என்னும் மொழிக்கும் கருநிரலில் இடம் கிடைத்தது. ரஸ்ட் மொழியின் இலக்கணத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே உடையவன். இரவல் வாங்கியவன், உடையவன் போன பின்பு அப்பொருளைச் சுட்ட முடியாது. சுட்டினால் நிரல் உருப்பெறுவதற்கு முன்பே மறுக்கப்படும். எனினும் கருவிகளை நேரே தொடும் இடங்களில் இவ்விலக்கணம் சற்று நெகிழ வேண்டும். அவ்விடங்களை எழுதுவோன் வெளிப்படையாகக் குறித்துக் காட்டவேண்டும் என்பது விதி. தமிழ் இலக்கணம் வழாநிலை, வழு என்னும் இரண்டோடு நில்லாமல், காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படும் வழுவமைதி என்ற ஒன்றையும் வகுத்ததை இங்கே ஒப்பிட்டு மகிழலாம். மீறல் முழுவதையும் ஒழிக்க முடியாது. எங்கே மீறுகிறோம், எதன்பொருட்டு மீறுகிறோம் என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டு மீறுவதே இலக்கணம் கற்றவர் நெறி.

இறுதியாக ஒன்று. நினைவக வழுவைத் தேடுவோருக்கு வேண்டுவது கூர்த்த அறிவு மட்டும் அன்று. தீர்ப்பைச் சற்றே நிறுத்திவைக்கும் பொறுமை. திரையில் தோன்றும் பெயர் பாதிக்கப்பட்டவனின் பெயராக இருக்கலாம். காவலனே அறியாமல் கொன்றிருக்கலாம். பிழை தேடும் கருவியே பிழையாக இருக்கலாம். 2008 இல் அந்தப் பிணைய இயக்கியை எழுதியவர்கள், தங்கள் மேல் விழுந்த ஐயத்தின் நடுவிலும், முதலில் அட்டைகளைப் பூட்டிக் காத்தனர். பிறகு உண்மை வெளிப்படும்வரை தேடலில் துணைநின்றனர். கோவலனுக்குக் கிடைக்காத கால அவகாசம் அவர்களுக்குக் கிடைத்தது. அந்த அவகாசத்தைத் தருவதுதான் நல்ல முறையின் பணி.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, இக்கடற்கரையில் பாத்திகளை மீண்டும் சீர்செய்யும்போது, தொழிலாளர் முதலில் வரப்பையே பார்க்கின்றனர்; உப்பைப் பற்றிய பேச்சு பிறகுதான். நினைவகத்தைப் பாத்தி கட்டி ஆள்வோரும், சொல்லைப் பாத்தி கட்டி ஆள்வோரும் அவர்களிடம் கற்கவேண்டிய வரிசை அது.